திரும்பப் பெறப்படுகிறது

அரசாங்கத் தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ‘திரும்பப் பெறுதல்’. யார் பெறுகிறார்கள், யாரிடமிருந்து, எதை என்று ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் கம்பீரமாக நிற்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் கோப்புகளில் அதை எழுதிக்கொண்டே இருந்தேன். விற்ற பண்டத்தில் கோளாறு என்று தெரிந்தால், தயாரித்தவர் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டும். மொத்த வியாபாரிக்கு யார் சொல்வது, சில்லறைக் கடைக்கு யார் போவது, வந்து சேர்ந்த சரக்கை எப்படி அழிப்பது, எல்லாவற்றுக்கும் வழி எழுதி வைத்திருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்ட ஆளுக்கு மட்டும் கடைசியில் ஒரே வரி: ‘நுகர்வோருக்குத் தக்க முறையில் தெரிவிக்கப்பட வேண்டும்.’ தக்க முறை எது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு சுற்றறிக்கையைக் காட்டி அனுப்பியிருப்பேன்.

ஓய்வு பெற்றுத் தென்காசியில் வீட்டோடு உட்கார்ந்த பிறகு அந்த வரி என்னைத் தேடி வந்தது. இப்படிப்பட்ட அறிவிப்புகளை மக்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். நுகர்வோர் தரப்பில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நிஜமான நுகர்வோரைப் பிடித்து வந்தால் அவர் கேள்வி கேட்பார். ஆகவே என்னைப் போட்டார்கள். தலைவராக ஓர் அதிகாரி, வியாபாரிகள் சார்பில் ஓர் அண்ணாச்சி, பொதுச் சுகாதாரத்தின் சார்பில் அரசு மருத்துவமனையிலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர், மக்களின் குரலாக நான். முந்திரி பிஸ்கட் நன்றாக இருந்தது.

குழுவுக்கு வேலை வந்தது சாரல் தொடங்கிய பிறகுதான். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தை அப்படியே வேனில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். வெளியூர்க்காரர்கள். அருவியில் குளித்துவிட்டு வந்து, கடைவீதியில் வாங்கிய சத்துமாவில் அறையிலேயே கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் அப்பா சுவரில் இல்லாத பல்லிகளைத் துண்டால் விரட்ட ஆரம்பித்துவிட்டார். மகள் காற்றிலிருந்து நூல் பிரித்துப் பிரித்து மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். கூட வந்த லாட்ஜ் வாட்ச்மேன் தீர்மானமாகச் சொன்னாராம்: “நேத்து மலைப் பக்கம் ஏறிப் போனாங்க டாக்டரம்மா. அங்கன எதுவோ அடிச்சிருக்கு.”

அந்த டாக்டர்தான் அன்று பணியில் இருந்தவர். அவர் மலையைப் பற்றிக் கேட்கவில்லை. டார்ச் அடித்துக் கண்களைப் பார்த்தார். கண்பாப்பா விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். மாவில் ஊமத்தை விதை இருந்தது. கம்புக் கொல்லையில் களையாக நின்றது கதிரோடு அறுபட்டு, மூட்டையோடு வந்து, மில்லில் சேர்ந்து அரைபட்டிருக்கிறது. அந்தக் குடும்பம் பிழைத்து ஊர் போய்ச் சேர்ந்தது. அதே பேட்ச் மாவு எத்தனை பைகளில் எந்தெந்த ஊருக்குப் போனது என்று குற்றாலத்தில் யாருக்கும் தெரியாது. சீசனுக்கு வந்தவர்கள் நேந்திரங்காய் சிப்ஸோடும் அல்வாவோடும் அதையும் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

நடைமுறைப்படி எல்லாம் நடந்தது. ‘கீழ்க்கண்ட பேட்ச் எண் கொண்ட மூலிகைச் சத்துமாவு திரும்பப் பெறப்படுகிறது’ என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, குற்றாலம் முதல் செங்கோட்டை வரை அதே வரியைச் சொல்லிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் அண்ணாச்சி கடை வாசலில் பெண்கள் பையோடு வரிசையில் நின்றார்கள். நானும் அப்போது அங்கே நின்றிருந்தேன்.

“அண்ணாச்சி, சத்துமாவு திரும்பத் தாராங்களாமே? கார்டுக்கு எத்தனை பாக்கெட்டு?”

“தரலை தாயி. திரும்ப வாங்குதோம்.”

“யாருகிட்ட?”

“உங்ககிட்டதான்.”

“எங்ககிட்ட எங்க இருக்கு? எங்களுக்கு மொதல்லயே தரலையே!”

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “சார், ஒங்க தமிழை நீங்களே வந்து வித்துக்கிடுங்க.”

இதை நான் குழுவில் சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. “வாந்தி பேதி வந்தா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க சார். செத்துப்போன அத்தை வந்து நின்னா யாரு ஆஸ்பத்திரிக்கு வருவா? கோயிலுக்குப் போவாங்க. நமக்குக் கணக்கே வராது” என்றார். அது நல்ல கருத்து என்று குறித்துக்கொள்ளப்பட்டது. நான் அறிந்தவரை, குறித்துக்கொள்ளப்பட்ட கருத்து அதன்பின் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

அந்த வாரத்தில்தான் வடகரையிலிருந்து போன் வந்தது. என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். அண்ணன் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில் இருக்க, மதினி மட்டும் தென்னந்தோப்பு வீட்டில் இருந்தார்.

“ஒண்ணும் பயப்படாதீங்க. இப்ப நல்லா இருக்காங்க. முந்தாநாளு பகல்ல கொஞ்ச நேரம் அண்ணாச்சிகூடப் பேசிக்கிட்டு இருந்தாங்க. விபூதி போட்டுக் கூட்டியாந்துட்டோம்.”

“எந்த அண்ணாச்சி?”

“ஒங்க அண்ணாச்சிதான்.”

மதினி தினமும் காலையில் சத்துமாவுக் கஞ்சிதான் குடிப்பார். அதை நினைத்துப் பார்க்க எனக்கு ஒரு ஆட்டோவும் ஒரு நோட்டீஸும் போதவில்லை. இந்தப் போன் வேண்டியிருந்தது.

நான் போய் இறங்கியபோது மதினி வாசலில் நின்றிருந்தார். “வாங்க கொழுந்தனாரே. செத்தவரு வந்துட்டுப் போனாருன்னு தெரிஞ்சாத்தான் இருக்குதவரு எட்டிப் பாக்காரு.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். அண்ணனின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. நானும் உட்காரவில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன். அலுவலக வழக்கப்படி, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, என்னென்ன குறிகள் என்று வரிசையாகத்தான் கேட்டேன். மதினி தன் வரிசையில் சொன்னார்.

“கஞ்சி குடிச்சேன். நாக்கு வறண்டு கட்டையாட்டம் ஆயிட்டு. தண்ணி மோக்கலாம்னு எந்திரிச்சா தோப்புல நிக்காரு. அருவியில குளிச்சிட்டு வருவாருல்லா, அப்படியே ஈர வேட்டியோட. துண்டைத் தலையில முறுக்கிக் கட்டிக்கிட்டு மரத்தை அண்ணாந்து பாத்துக் குலையை எண்ணுதாரு. மூக்கோரத்து மச்சம்கூட அங்கன இருந்து தெரிஞ்சுது.”

“அப்புறம்?”

“கூப்பிட்டேன். வந்தாரு. கிட்ட வர வர முகம் கலங்கிட்டு. தண்ணிக்குள்ள கெடக்குத மாதிரி. இந்தா, நீங்க இருக்குத தூரம்தான். வேட்டியில ஈரம் சொட்டுதது தெரியுது, முகம் இல்ல.”

“ஏதாவது சொன்னானா?” என்று கேட்டேன். நான் கேட்க வேண்டிய கேள்விகளில் அது இல்லை.

“காப்பி கேட்டாரு. போட்டுக் குடுத்தேன். ஆறிப் போச்சு.”

வெளியே சாரல் தோப்பில் விழுந்துகொண்டிருந்தது. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மாவு பாக்கெட் எங்கே என்றேன்.

“தீந்துட்டு.”

என் வாழ்நாளில் எத்தனையோ கடைக்காரர்கள் என்னிடம் ‘தீந்துட்டு சார்’ என்று சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போது யாரும் பொருள் இருக்கும் திசையைப் பார்ப்பதில்லை. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மதினி அடுக்களைப் பக்கம் மட்டும் பார்க்காமல் வீடு முழுவதையும் பார்த்தார். காப்பிக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து பின்கட்டுக்குப் போனதும் நான் அடுக்களைக்குள் நுழைந்து அரிசிப் பானையின் மூடியைத் தூக்கினேன்.

“என்ன, ரெய்டா?” பின்னால் மதினி நின்றிருந்தார். “ரிட்டயர் ஆயாச்சுன்னு ஒங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலையா?”

“மைனி, அது விஷம். தப்பிச்சதே பெரிசு. நெஞ்சுக்கு மாத்திரை போடுதீங்க. இன்னொரு தடவை குடிச்சா தாங்காது.”

“தெரியும். ஊரே பேசுது.”

“பின்ன என்ன? நோட்டீஸைப் பாக்கலையா?”

“பாத்தேனே. திரும்பப் பெறப்படும்னு போட்டிருந்துச்சு. எனக்குத் திரும்பக் கெடைச்சுது. கெவர்மெண்டு ஒரு தடவையாவது சொன்னதைச் செஞ்சிருக்கு, அதுக்கும் குத்தமா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகுதான் ஜன்னலில் இருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டைப் பார்த்தேன். புதிது.

“கண்ணு டெஸ்ட் பண்ணினீங்களா?”

“ஆமா. கிட்டத்துல உள்ளது தெரியலன்னேன். பவரு கூட்டிக் குடுத்திருக்காரு.”

“பேப்பர் படிக்கவா?”

காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, “அமாவாசைக்கு” என்றார்.

ஆடி அமாவாசைக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னொரு முறை கஞ்சி குடிப்பார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

“பைத்தியக்காரத்தனம் மைனி.”

“இருக்கட்டும். ஆஸ்பத்திரியில இருந்து அவரைத் துணியில கட்டித்தான கொண்டாந்தீங்க? மழை வருது, மழை வருதுன்னு எல்லாரும் பறந்தீங்க. எல்லாம் முறைப்படி நடந்துச்சு, ஒரு குறை கெடையாது. நான் பாத்தது பூவும் துணியுந்தான். முகத்தை நான் பாக்கல கொழுந்தனாரே.”

கடையில் இருக்கும் சரக்கைப் பறிமுதல் செய்ய எனக்குப் பிரிவு எண் தெரியும். கிடங்குக்குச் சீல் வைக்க எப்படிக் கையெழுத்து வாங்குவது என்று தெரியும். ஒரு வீட்டு அடுக்களையில் ஒரு பெண் ஒளித்து வைத்திருக்கும் பாக்கெட்டை எடுக்க எந்த விதியிலும் இடம் இல்லை. திரும்பும் வழியில் எல்லா விதிகளையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். சட்டம் எழுதியவர்கள், விஷம் என்று தெரிந்தால் மக்கள் ஓடி வந்து கொடுத்துவிடுவார்கள் என்று நம்பியிருக்கிறார்கள்.

அமாவாசைக்கு முன்பு குழு ஒருமுறை கூடியது. அண்ணாச்சி மகிழ்ச்சியாக இருந்தார். கடைகளில் ஒரு பாக்கெட்கூட பாக்கி இல்லை, எல்லாம் வந்துவிட்டது. தலைவர், “அப்போ திரும்பப் பெறுதல் கிட்டத்தட்ட முழுமைன்னு எழுதிடலாமா?” என்றார்.

“வீடுகள்ல இருக்கிறது?” என்று டாக்டர் கேட்டார். “நோட்டீஸை மாத்தணும் சார். ‘இதைச் சாப்பிடாதீங்க, கொண்டுவந்து குடுத்துடுங்க’ன்னு நேரா எழுதணும். அதோட இன்னொரு வரியும் வேணும். ‘இதைச் சாப்பிட்ட பிறகு இல்லாத யாரையாவது பார்த்திருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள், கேலி செய்ய மாட்டோம்’னு.”

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏம்மா, பேயைப் பாத்தவங்க நேரில் வரலாம்னு அரசாங்கம் நோட்டீஸ் போட முடியுமா?”

“போட்டா குற்றாலத்துக்கு இன்னும் கூட்டம் வரும் சார்” என்றார் அண்ணாச்சி. “எனக்கு ஆட்சேபணை இல்ல.”

நான் அதுவரை குழுவில் ஆட்சேபணை என்று எதையும் பதிவு செய்தவன் இல்லை. “வீட்டில் இருப்பதை ஏன் தரவில்லை என்று நாம் யாரிடமாவது கேட்டோமா?” என்றேன்.

“மறந்திருப்பாங்க. சோம்பேறித்தனம். வேற என்ன?” என்றார் தலைவர்.

“வேறு காரணம் இருக்கலாம்.”

“என்ன காரணம்? நுகர்வோர் பிரதிநிதி நீங்கதானே, சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புதுக் கண்ணாடியைப் பற்றி அந்த மேசையில் எப்படிச் சொல்வது? மக்களின் குரல் தண்ணீர் குடித்தது. முதல் வரி ஏற்கப்பட்டது. இரண்டாவது வரி பின்னர் பரிசீலிக்கப்படும் என்று எழுதிக்கொண்டார்கள். அப்படி எத்தனை வரிகளை நானே அடக்கம் செய்திருக்கிறேன்.

படியிறங்கும்போது டாக்டர் கூடவே வந்தார். “யாரு வீட்டுல சார்?” என்று கேட்டார். சொன்னேன். நின்று முழுவதும் கேட்டார். “அமாவாசை என்னைக்கு?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அமாவாசையன்று காலை டாக்டரை என் பழைய காரில் கூட்டிக்கொண்டு போனேன். தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்தில் குற்றாலம் சாலை அசையவில்லை. ஈர வேட்டிகள் காரை உரசிக்கொண்டு போயின. தலையில் துண்டை முறுக்கிக் கட்டிய முதுகு ஒவ்வொன்றையும், அது திரும்பும்வரை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கவனித்தாரா என்று தெரியவில்லை. “கை காமிங்க சார், அவன் வழி விடுறான்” என்றார்.

வடகரையில் வாசல் திறந்துதான் இருந்தது. கூடத்தில் அண்ணன் படம், விளக்கு, வாழை இலை. மதினி புதுக் கண்ணாடி போட்டிருந்தார். படைத்துக் காக்காய்க்கு வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. அந்தப் பாக்கெட் இலையின் ஓரத்தில், வாய் மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு நின்றது.

“ஆச்சி, உள்ள வரலாமா?” என்றார் டாக்டர்.

“ஆச்சியா? ஏட்டி, எனக்கு இன்னும் பேரனே பொறக்கல. இவரு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரா?”

டாக்டர் தரையில் உட்கார்ந்தார். பாக்கெட்டைக் கேட்பார் என்று நினைத்தேன். அண்ணன் படத்தைப் பார்த்து, “இந்த மச்சம்தானா?” என்றார். பிறகு தோப்பில் எந்த மரத்தடியில் நின்றார், எந்தப் பக்கமாக நடந்து வந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மதினி எழுந்து போய் மரத்தைக் காட்டினார். விபூதி போட்டவர்கள் உட்பட யாரும் அவரிடம் அதையெல்லாம் கேட்டிருக்கவில்லை. நான் கேட்டது என்ன சாப்பிட்டீர்கள் என்று.

“கிட்ட வந்ததும் கலங்கிட்டு. அதுக்குத்தான் இது” என்று மதினி கண்ணாடியைத் தொட்டார்.

“அவர் கண்ணு வழியா வரலைம்மா. அங்க கண்ணாடிக்கு வேலை இல்லை” என்றார் டாக்டர். “அந்த மாவு புதுசா எதையும் காட்டாது. உங்களுக்குள்ள இருக்கிறதைத்தான் எடுத்து, கலைச்சுப் போட்டுக் காட்டும். அவர் குளிச்சிட்டு வர்றதை ஆயிரம் தடவை பாத்திருக்கீங்க, அது இருக்கு. கடைசி முகத்தை நீங்க பாக்கலை. இல்லாததை அது எங்கேருந்து எடுக்கும்? எத்தனை தடவை குடிச்சாலும் கிட்ட வந்தா கலங்கத்தான் செய்யும். அடுத்த தடவை உங்க நெஞ்சு தாங்காது, அதுவும் நிஜம்.”

மதினி இலையின் நுனியை நேராக்கினார். பிறகு கேட்டார்: “அப்ப அந்த முகம் யாருகிட்ட இருக்கு?”

மதினி என் பக்கம் திரும்பினார். மருத்துவமனையில் அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

“நீங்க பாத்தீங்க.”

“பார்த்தேன் மைனி.”

“சொல்லுங்க.”

அறிக்கை எழுதும் தமிழ் தவிர வேறு எதுவும் எனக்கு வரவில்லை. அப்படியே சொன்னேன். இடது கண் சரியாக மூடியிருக்கவில்லை, நான்தான் மூடினேன் என்றேன். தாடையில் வெள்ளை முள்ளாகத் தாடி. உதடு வறண்டிருந்தது. நெற்றிச் சுருக்கம் இல்லாமல் போயிருந்தது, அதனால் சின்ன வயதில் இருந்த மாதிரி இருந்தான். மச்சம் அங்கேயே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வலியில் திறந்த மாதிரி இல்லை. யாரையோ கூப்பிடப்போய், ஆள் வந்துவிட்டதால் நிறுத்திக்கொண்ட மாதிரி.

“கண்ணை மூடினீங்களா?”

“மூடினேன்.”

“இத்தனை நாளு ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கல மைனி.”

“ஆபீசருல்லா. மனு குடுத்தாத்தான் சொல்லுவீங்க.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக் கூட்டுக்குள் வைத்தார். பாக்கெட்டை எடுத்து டாக்டரின் மடியில் போட்டார். “கொண்டு போ ஏட்டி. அதோட ரப்பரு பேண்டை மட்டும் குடுத்துட்டுப் போ.”

இலையில் காப்பி வைத்தார். சாரலில் காக்காய் வரத் தாமதமானது. வந்தது.

திரும்பும்போது சாலையில் கூட்டம் வடிந்திருந்தது. டாக்டர், இரண்டாவது வரியைக் குழு ஏற்காவிட்டாலும் தன் மருத்துவமனை வாசலில் கையால் எழுதி ஒட்டப்போவதாகச் சொன்னார். அதற்கு அனுமதி பெற எந்த வழி சுருக்கமானது என்று நான் சொன்னேன். வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடமாக நான் எங்கோ கோப்பில் கட்டி வைத்திருந்த அந்த முகம், சொல்லி முடித்ததிலிருந்து கார்க் கண்ணாடிக்கு வெளியே கூடவே வந்தது. மூடிய கண்ணோடு, முள்தாடியோடு, மிகக் கிட்டத்தில். அதற்கு முந்தைய அண்ணனை எவ்வளவு முயன்றும் எனக்கு நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

“தூரத்துல நிக்கும்போது தெளிவாத் தெரியும் இல்லியாம்மா?” என்று கேட்டேன். “மச்சம்கூட?”

மாவுப் பாக்கெட்டைப் போட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்திருந்த தன் பையை டாக்டர் எடுத்தார். ஜிப்பை முழுவதும் இழுத்து மூடி, அந்தப் பக்கம், கதவோரமாக வைத்துக்கொண்டார்.

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க சார்” என்றார்.